சந்தியில் நிற்கும் ஆள்

எங்கள் கரையோரத்தில் வயதான ஒருவர் ஓடுகிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். கடலுக்குப் போன தோணி திரும்பவில்லை, வீட்டில் யாருக்கோ நெஞ்சுவலி, அல்லது கொழும்பு பஸ் புறப்பட்டுவிட்டது. காரணமில்லாத ஓட்டம் சிறுபிள்ளைகளுக்கு உரியது. நரைத்த தலையோடு ஒருவர் காற்சட்டையும் சப்பாத்துமாகப் புத்தளம் வீதியில் விடியற்புறம் ஓடிய காலத்தில், தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, "ஆருக்கு என்ன நடந்த?" என்று கேட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வியில் இருந்தது அக்கறை. ஓடுகிற மனிதரைத் தனியே விடக்கூடாது என்பது கரையோரத்து வழக்கம்.

இன்று அப்படி யாரும் கேட்பதில்லை. புத்தளத்திலும் சிலாபத்திலும் கற்பிட்டி வீதியிலும் விடியலில் நடப்பவர்களும் மெல்ல ஓடுபவர்களும் சாதாரணக் காட்சி ஆகிவிட்டார்கள். பலர் கிளினிக்கில் டொக்டர் சொல்லி வந்தவர்கள். சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல் என்று கையில் ஒரு துண்டோடு வருகிறார்கள். புதுச் சப்பாத்து வாங்குகிறார்கள். இரண்டு கிழமை வருகிறார்கள். பிறகு காணோம். சிலர் மட்டும் வருடக்கணக்கில் தொடர்கிறார்கள். நிலைத்தவர்களுக்கும் நின்றுவிட்டவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று பல காலமாகக் கவனித்து வருகிறேன். மனவுறுதி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். மிகுந்த மனவுறுதி உள்ள மனிதர்கள் மூன்றாம் கிழமையே படுக்கையை விட்டு எழாமல் போனதையும், எதிலும் பிடிப்பில்லாதவர் என்று ஊரே சொன்ன ஒருவர் மழையிலும் வந்து நின்றதையும் நான் கண்டிருக்கிறேன். மழையில் வந்தவருக்காகச் சந்தியில் இன்னொருவர் நின்றிருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். எழுபதைத் தொட்டிருக்கும் இந்த வயதில், உடற்பயிற்சி பற்றி எனக்குச் சொல்ல இருப்பதில் முக்கியமானது இதுதான்.

"உழைக்கிற ஆளுக்கு ஓட்டம் என்னத்துக்கு?" என்ற கேள்வி மட்டும் இன்னும் கேட்கிறது. கேட்க வேண்டிய கேள்விதான். என் உழைப்புக் காலம் முழுவதும் உப்பளத்துக் கணக்கோடு போனது. களப்பு நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் செறிய வைத்து, கடைசிப் பாத்தியில் உப்புப் படிந்ததும் வாரிக் குவிக்க வேண்டும். இடையில் ஒரு பெருமழை வந்தால் கிழமைக்கணக்கான வேலை கரைந்து போகும். ஆகவே உப்பு வாரும் நாட்களில் ஓய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆண்களும் பெண்களும் ஒரே பக்கம் குனிந்து, ஒரே பக்கம் சுமந்து, கூசும் வெள்ளை வெளிச்சத்தில் நாள் முழுக்க நிற்பார்கள். நாற்பது வயது கடந்ததும் நாரியைப் பிடித்துக்கொண்டு எழும்பிய பெண்களை எனக்குத் தெரியும். காலில் வெடிப்பு, முழங்காலில் நீர், தோளில் தீராத பிடிப்பு. அவர்கள் உழைக்காதவர்களா? ஊரிலேயே அதிகம் உழைத்தவர்கள். ஆனாலும் அறுபதில் அவர்களால் பத்துப் படி ஏற முடியவில்லை.

உழைப்புக்கும் பயிற்சிக்கும் இடையில் இருப்பது ஓய்வு. உடல் வேலை செய்யும்போது பலம் பெறுவதில்லை. வேலை முடிந்து உறங்கும்போதும், அடுத்த நாள் சற்று இளைப்பாறும்போதும்தான் தசை தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்கிறது. கூலிக்கு உழைப்பவருக்கு அந்த அடுத்த நாள் கிடைப்பதில்லை. முதலாளியின் அவசரத்துக்கும் மழையின் அவசரத்துக்கும் அவர் உடல் ஈடு கொடுக்க வேண்டும். பயிற்சி செய்பவரோ எவ்வளவு, எப்போது, எப்போது போதும் என்று தானே தீர்மானிக்கலாம். உழைக்கும் மக்களைப் பார்த்து "உங்களுக்குப் பயிற்சி வேண்டாம்" என்று சொல்வது எனக்கு எப்போதும் மனக் கசப்பைத் தந்திருக்கிறது. அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும். மறுபக்கத் தசைக்கும் வேலை, நாரிக்கு நீட்டல், கிழமையில் இரண்டு நாள் முழு ஓய்வு. இதைக் கொடுக்காத எந்த வேலைத்தலமும் தன் ஆட்களின் முதுமையைக் கடனாக எடுத்துச் செலவழிக்கிறது.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. உழைப்பே குறைந்துவிட்டது. உடப்பு என் தாய்வழி ஊர். கரைவலை இழுப்பதில் பெயர் போன ஊர். தோணியில் வலையைக் கொண்டு போய் அரைவட்டமாக வளைத்துவிட்டு, இரண்டு கயிற்று முனைகளையும் கரையில் பிடித்து, இரண்டு கூட்டமாகப் பின்னோக்கி அடிவைத்து இழுப்பார்கள். இழுக்கும்போது அம்பாப் பாட்டு. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏற்றுப் பாடுவார்கள். பாட்டின் அடிக்குத்தான் கால் விழும். பதினெட்டு வயதுப் பையனும் அறுபது வயதுக் கிழவரும் ஒரே கயிற்றில் நிற்பார்கள். பையன் பலத்தைக் காட்ட முந்தினால் கயிறு தளர்ந்து அடுத்தவர் கையை அறுக்கும். இன்று பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் வலையை இழுக்கிறது. ஆட்கள் குறைவு, பாட்டும் குறைவு. அந்த வேலை திரும்பி வரட்டும் என்று நான் சொல்லமாட்டேன், அது கொடிய வேலை. ஆனால் உடல் அசைந்த நேரம் போய்விட்டது. சோறும் சீனி போட்ட தேத்தண்ணியும் மட்டும் பழைய அளவிலேயே இருக்கின்றன. சீனி வருத்தம் கரையோரத்துக்கு வந்த வழிகளில் இது ஒன்று.

ஓடத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்தக் கரைவலைக் கயிற்றைப் பற்றித்தான். கூட இருப்பவரை முந்தக்கூடாது. கூட வருபவரோடு முழு வசனமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். உலகப் புகழ் பெற்ற வீரர்களும் தங்கள் பயிற்சியில் பெரும்பகுதியை இப்படி இலகுவாகவே ஓடுகிறார்கள். இதயம் பெரிதாகத் துடிக்கக் கற்பதும், தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுவதும், கொழுப்பை எரிபொருளாக்க உடல் பழகுவதும் அந்த மெதுவான நேரத்திலேயே நடக்கின்றன. கைக்கடிகாரம் வேண்டாம். பேச ஓர் ஆள் வேண்டும்.

இரண்டாவது, மூச்சை நம்பாதீர்கள். ஓடத் தொடங்கி மூன்று நான்கு கிழமையில் மூச்சு இலகுவாகிவிடும். "இனி எவ்வளவும் ஓடலாம்" என்று தோன்றும். ஆபத்து அங்கேதான். இதயமும் நுரையீரலும் கிழமைக்கணக்கில் பழகும். குதிக்கால் நாண், முழங்கால் நாண், எலும்பு ஆகியவற்றுக்கு மாதக்கணக்கு வேண்டும். நாண்களுக்குள் இரத்த ஓட்டம் குறைவு, ஆகவே அவற்றின் வளர்ச்சியும் மெதுவு. மூச்சு கொடுத்த உற்சாகத்தில் தூரத்தை இரட்டிப்பாக்குகிறவர் ஐந்தாம் ஆறாம் கிழமையில் குதிக்காலைப் பிடித்துக்கொண்டு எண்ணெய் தேய்க்க உட்கார்ந்துவிடுவார். வயதானவர்களுக்கு இது இன்னும் மெதுவாக நடக்கும். முதல் மூன்று மாதம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாறி மாறிப் போங்கள். கிழமைக்கு மூன்று நாள் போதும். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிவுரை, பெரியவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு என்கிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் தடுமாறி விழாதிருக்கச் சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது. 150 நிமிடத்தை ஐந்து நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு அரை மணித்தியாலம். கதிரையிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழும்பி இருந்தால் தொடைக்கு வேலை முடிந்தது.

எங்கள் நிலத்துக்கென்று சில விசயங்கள் உண்டு. கடற்கரை மணல் மெத்தென்று இருப்பதால் முழங்காலுக்கு நல்லது என்று பலர் நேரே மணலில் இறங்கிவிடுகிறார்கள். தளர்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தி செலவாகிறது. குதிக்கால் ஒவ்வொரு அடியிலும் புதைந்து நாணை இழுக்கும். அலை வந்து போன ஈரமணல் கெட்டியானது, ஆனால் கடலை நோக்கிச் சரிந்தது. ஒரே பக்கமாக நெடுந்தூரம் ஓடினால் ஒரு பக்க இடுப்பு நோகும். போன பக்கமே திரும்பி வந்தால் சரியாகிவிடும். சீனி வருத்தம் உள்ளவர்கள் வெறுங்காலோடு மணலில் இறங்கவே கூடாது. சிப்பியோ தூண்டில் முள்ளோ கிழித்தது தெரியாமலே புண் ஆழமாகிவிடும். எங்கள் கூட்டத்தில் ஓட்டம் முடிந்ததும் சப்பாத்தைக் கழற்றி உள்ளங்காலைப் பார்ப்பது வழக்கம். தன் காலைக் குனிந்து பார்க்க முடியாதவருக்கு அடுத்தவர் பார்த்துச் சொல்வார். மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களின் சட்டைப்பையில் இரண்டு டொபி இருக்கும். கை நடுங்கினால், வியர்வை குளிர்ந்தால், உடனே ஒன்று வாயில்.

காற்றை அறிந்து புறப்பட வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை சோளகம் வீசும் காலத்தில் கற்பிட்டிப் பக்கத்தில் காற்று ஆளையே தள்ளும். உலகெங்குமிருந்து பட்டத்தில் அலைமேல் சறுக்குகிறவர்கள் அந்தக் காற்றைத் தேடித்தான் வருகிறார்கள், காற்றாலைகளும் அதை நம்பித்தான் நிற்கின்றன. அந்த மாதங்களில் காற்றுக்கு எதிரே போய்க் காற்றோடு திரும்புங்கள். களைத்த நேரத்தில் காற்று முதுகைத் தாங்கும். ஆனால் காற்றோடு ஓடும்போது உடலில் காற்றே படாததுபோல் இருக்கும், வியர்வை காயாது, சூடு ஏறும். ஆகவே திரும்பும் பாதியில் வேகத்தைக் கூட்டாதீர்கள். சூரியன் உதிக்கும் நேரம் இங்கே வருடம் முழுவதும் ஆறு மணியை ஒட்டியே இருக்கிறது. இது எவ்வளவு பெரிய வசதி என்று வெளியூரில் இருப்பவர்களைக் கேட்டால்தான் தெரியும். ஐந்தேகாலுக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் வீடு வந்துவிடலாம்.

உப்பைப் பற்றி உப்பளத்துக்காரன் சொல்லாமல் விடக்கூடாது. வியர்வையோடு உப்பு போகிறது என்பது உண்மை. அதற்காக ஓட்டம் முடிந்ததும் உப்புக் கரைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு மணித்தியாலத்துக்குக் குறைவாக ஓடுபவருக்கு வெறும் தண்ணீர் போதும். நம் சாப்பாட்டில் கருவாடும் மாசியும் ஊறுகாயும் ஏற்கெனவே தேவைக்கு மேல் தந்துவிடுகின்றன. நாளுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உப்பு உட்கொள்ளச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பிரஷர் உள்ளவர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக் கைக்கோ பரவும் நோவு, கண் இருட்டுதல் வந்தால் உட்கார வேண்டும். கூட இருப்பவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டும். அது இலவசம். தனியாக ஓடுபவருக்கு அந்த அழைப்பை யார் எடுப்பது?

கூட்டம் என்று சொன்னேன். அதற்குப் பெயர் இல்லை, தலைவர் இல்லை, சந்தா இல்லை. மீன்கடை நானா சுபஹ் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து நேரே வருவார். ஓட்டோ ஓட்டும் தம்பி முதல் ஓட்டத்துக்குப் போகுமுன் வருவான். தென்னந்தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிங்கள அய்யா தன் நாயோடு வருவார். அவரிடம் தமிழ் கொஞ்சம், எங்களிடம் சிங்களம் கொஞ்சம், இரண்டும் சேர்ந்தால் ஐந்து கிலோமீட்டருக்குப் போதுமான பேச்சு. வீதியில் படுத்திருக்கும் கழுதைகளை விலகிக்கொண்டு, உப்பளக் கரைவரை போய்த் திரும்புவோம். ரமழானில் நானாவுக்காக நேரம் மாறும். நோன்பு துறப்பதற்குச் சற்று முன் மெதுவாக நடப்பார். நாங்களும் அந்த நேரத்துக்கு வருவோம். அவர் தண்ணீர் குடிக்காத நேரத்தில் யாரும் போத்தலைத் திறப்பதில்லை. யாரும் சொல்லிக் கொடுத்த விதியல்ல இது. ஆடி மாதத்தில் உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் பதினெட்டு நாள் விழாவில் தீமிதிக்க விரதம் இருப்பவர்களும், தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகிறவர்களும் வராத நாட்களில் மற்றவர்கள் அவர்களுடைய வீட்டு வாசல் வழியாக ஒரு சுற்றுப் போய் வருவார்கள்.

2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து, மே மாதத்தில் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டபோது, புத்தள மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை. அந்த நாட்களில் விடியலில் யாரும் வெளியே வரவில்லை. ஒருவரை ஒருவர் எப்படிப் பார்ப்பது என்று தெரியாத நாட்கள் அவை. பெரிய கூட்டங்களில் பெரியவர்கள் சமாதானம் பேசினார்கள், அதுவும் தேவைதான். எங்களைத் திரும்பச் சேர்த்தது அய்யாவின் நாய். ஒரு விடியலில் அவர் நானாவின் வாசலில் நாயோடு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. நானா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அன்று யாரும் ஓடவில்லை, நடந்தோம். ஒருவர் மற்றவருக்காகக் காத்திருந்து பழகிய கால்கள் அந்தப் பழக்கத்தை விடுவது கடினம் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

2020 மார்ச் 18 அன்று கொரோனாவுக்கான ஊரடங்கு நாட்டிலேயே முதலில் வந்தது புத்தளம், சிலாபம் பக்கங்களுக்குத்தான். முற்றத்தைச் சுற்றியே நடந்தோம், தொலைபேசியில் பேசிக்கொண்டு. 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது நடைக்கும் சைக்கிளுக்கும் பழகிய கால்கள் எவ்வளவு பெரிய சொத்து என்று வீடு வீடாகத் தெரிந்தது. ஆனால் அந்த வருடம் சப்பாத்தின் விலை கூலிக்காரர் எட்ட முடியாத இடத்துக்குப் போனது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் பழைய சப்பாத்துகளை அனுப்பச் சொல்லி, அளவு பார்த்துப் பகிர்ந்தார்கள்.

அப்படி அனுப்பியவர்களில் ஒருத்தி ஸ்கொட்லாந்தின் கரையோரச் சிற்றூர் ஒன்றில் தாதியாக இருக்கிறாள். எங்கள் தெருவில் வளர்ந்த பிள்ளை. அங்கே டிசம்பரில் சூரியன் வர காலை எட்டே முக்கால் ஆகும், மூன்றே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும். போன புதிதில் வேலை, வீடு, இருட்டு என்று ஒடுங்கிப்போனாள். கூட வேலை செய்த ஒரு மூதாட்டி அவளை ஒரு சனிக்கிழமை பார்க்ரன் என்ற ஓட்டத்துக்குக் கூட்டிப் போனார். 2004 ஒக்டோபரில் லண்டன் புஷி பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கியது இது. இன்று பல நாடுகளில் கிழமைதோறும் நடக்கிறது. ஐந்து கிலோமீட்டர், கட்டணம் இல்லை, நடந்தும் போகலாம். நடத்துகிறவர்கள் எல்லாரும் ஊர்த் தொண்டர்கள். ஸ்கொட்லாந்தில் காலை ஒன்பதரைக்குத் தொடங்கும். அவள் தொலைபேசியில் எனக்குச் சொன்னது அந்தத் தூரத்தைப் பற்றியோ குளிரைப் பற்றியோ அல்ல. "மாமா, எல்லாருக்கும் பின்னால வாறதுக்கெண்டே ஒரு ஆள் இருக்கிறார். அவருக்கு அது டியூட்டி. அதால நான் கடைசி இல்ல." ஒரு ஊர் தன் புதிய ஆளைக் கடைசியாக விடாதிருக்க ஒரு மனிதரை நியமித்திருக்கிறது. இதைவிட நல்ல வரவேற்பு எனக்குத் தெரிந்து இல்லை. இப்போது அவளே சில கிழமைகளில் அந்தக் கடைசி ஆளாக வருகிறாளாம்.

வேகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. எங்கள் மாவட்டத்து வென்னப்புவையில் ஜோசப் வாஸ் கல்லூரியில் படித்த யுபுன் அபேகோன் 2022 ஜூலையில் சுவிட்சர்லாந்தில் 100 மீட்டரை 9.96 செக்கனில் ஓடி, பத்துச் செக்கனுக்குள் ஓடிய முதல் தென்னாசியர் ஆனபோது நாங்கள் எல்லாரும் மகிழ்ந்தோம். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம் எங்கள் தலைமுறைப் பையன்களுக்குக் கனவு. ஆனால் முதுமையில் எனக்குத் துணையாகும் பெயர்கள் வேறு. முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 72 வயதில், 2023இல், பிலிப்பைன்ஸ் போய் மூத்தோர் தடகளத்தில் தங்கம் வென்று திரும்பினார். போர் எரித்த மண்ணிலிருந்து போனவர். அவருடைய படம் எங்கள் ஊரில் பல பெண்களின் தொலைபேசியில் இருக்கிறது. பஞ்சாபில் 1911இல் பிறந்த ஃபௌஜா சிங், மனைவியையும் மகனையும் இழந்த துயரத்திலிருந்து எழும்ப லண்டனில் ஓடத் தொடங்கி, 89 வயதில் முதல் மரதனும் 2011இல் நூறு வயதில் டொராண்டோ மரதனும் ஓடி முடித்தார். பிந்தியதற்கு அவருக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. 2025 ஜூலையில் தன் ஊருக்கு அருகே வீதியைக் கடக்கும்போது வாகனம் மோதி இறந்தார். நூற்றுப்பதினான்கு வருடம் தாங்கிய உடல். அந்தச் செய்தி வந்த நாள் முழுவதும் எனக்குப் பேசவே மனம் வரவில்லை. நம் வீதிகளில் லொறிகள் ஓடும் வேகத்தைப் பார்க்கும்போது அவர் ஞாபகம் வருகிறது. விடியலில் வெள்ளைச் சட்டை போடுங்கள், வாகனம் வரும் பக்கம் முகம் காட்டி ஓடுங்கள். ஒரு பட்டி ஒளிர்நாடா வாங்கி முதுகில் ஒட்டுவது ஒரு நாள் தேத்தண்ணிச் செலவு.

பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். உப்பளத்தில் நாரி பிடித்தவர்களில் அதிகம் பேர் பெண்கள். கிளினிக் வரிசையிலும் அவர்களே அதிகம். விடியல் வீதியில் மட்டும் அவர்கள் குறைவு. காரணம் சோம்பல் என்று பேசுகிறவர்களை நான் மன்னிப்பதில்லை. ஐந்து மணிக்கு ஒரு பெண் எழும்புவது அடுப்பு மூட்டவும் பிள்ளையைப் பள்ளிக்கு ஆயத்தம் பண்ணவும்தான். வெளியே வந்தாலும் இருட்டு, தெருநாய், வாய் வீசும் ஆண்கள், "இந்த வயசில என்ன நடை" என்ற சொல். எங்கள் பக்கத்தில் சில ராத்தாமாரும் அக்காமாரும் சேர்ந்து பின்னேரம் பள்ளி மைதானத்தில் நடக்கத் தொடங்கினார்கள். அபாயாவோடு நடப்பவரும் உண்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பவரும் உண்டு. விளக்கு இல்லாத மூலையில் ஒரு விளக்கு, கேற்றைத் திறந்து வைக்க ஒரு காவலாளி, இவ்வளவுதான் அவர்கள் கேட்டது. விளக்குக்கு நாள் எடுத்தது. வீட்டு ஆண்கள் செய்யக்கூடிய வேலை அதைவிடச் சிறியது. அந்த முக்கால் மணித்தியாலம் அடுப்படியை ஏற்க வேண்டும். அறுபது வயது ஆணுக்கு ரொட்டி தட்டத் தெரியாது என்றால், ஓடப் பழகுவதற்கு முன் அதைப் பழகட்டும்.

இளம் பிள்ளைகளுக்கு ஒன்று. உங்களில் வேகமாக ஓடக் கூடியவர்கள் கிழமையில் ஒரு நாளை ஒரு வயதானவரோடு ஓடக் கொடுங்கள். உங்கள் உடலுக்கு எப்படியும் ஓர் இலகு நாள் வேண்டும். அந்த நாளில் பேசிக்கொண்டு போங்கள். அவருக்கு அந்த அரை மணித்தியாலம் ஒரு கிழமையின் அச்சாணி ஆகலாம். மனைவி இறந்தபின், பிள்ளைகள் வெளிநாடு போனபின், காலையில் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாத வீடுகள் நம் ஊரில் பெருகியிருக்கின்றன. அந்த வீட்டுக் கதவைத் தட்டி, "மாமா, வாறீங்களா?" என்று கேட்பதற்கு எந்த மருந்தும் ஈடில்லை. அவர் வராத நாளில் ஏன் வரவில்லை என்று கேட்கவும் வேண்டும். காய்ச்சல் என்று தெரிந்துகொண்டு கஞ்சி கொண்டு போனவர்களும், விழுந்து கிடந்தவரைக் கண்டு தூக்கியவர்களும் இந்தக் கேள்வியோடு போனவர்கள்தான்.

இதை எழுதுவதற்கு உடனடிக் காரணம் ஒன்று இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டு விழாவுக்கு ஊர் ஊராக ஆயத்தம் நடக்கும். எங்கள் ஊர்களில் விடியற்காலை மரதனும் சைக்கிள் ஓட்டமும், பிறகு கயிறிழுத்தல், வழுக்குமரம், தலையணைச் சண்டை. மரதன் என்றால் நமக்கு ஆறேழு கிலோமீட்டர். பையன்கள் வெறுங்காலோடு பறப்பார்கள். முதல் மூன்று பேர் வந்ததும் ஒலிபெருக்கி அடுத்த போட்டிக்கு மாறிவிடும், நாடாவைச் சுருட்டிவிடுவார்கள். பின்னால் வரும் பிள்ளைகள் வெறும் வீதியில் வந்து முடிக்கிறார்கள். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமை. விளையாட்டுக் குழுக்களிடம் நான் கேட்பது இதுதான். மரதனுக்குப் பிறகு, வெயில் ஏறுமுன், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் எந்த வயதுப் பெண்களுக்கும் மூன்று கிலோமீட்டர் நடையோட்டம் ஒன்று சேருங்கள். பரிசு வேண்டாம், வழியில் இரண்டு இடத்தில் தண்ணீரும் முடிவில் இலைக்கஞ்சியும் வையுங்கள். கடைசி ஆள் வரும்வரை நாடாவைப் பிடித்துக்கொண்டிருக்க இரண்டு பிள்ளைகளை நிறுத்துங்கள், ஒவ்வொருவர் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். எல்லாருக்கும் பின்னால் நடந்து வரும் பொறுப்பை முதல் வருடம் நான் எடுக்கிறேன். இன்னும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், ஒருவருக்கு முதலுதவி தெரிந்திருக்க வேண்டும்.